கழற்றச் சொன்ன கண்ணாடி

1

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சேவியர் வேலை செய்யும் கப்பல் பட்டறையில் குடும்ப நாள். வருடத்துக்கு ஒரு தடவை பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப் போய், தாங்கள் வெல்டிங் வைக்கும் இடத்தைக் காட்டலாம். கேக், காப்பி, குழந்தைகளுக்குப் பலூன், எல்லாம் உண்டு. வாசலில் ஒரு பெண் பெரிய பிளாஸ்டிக் கூடையோடு நின்றிருந்தாள். கூடை நிறையப் பாதுகாப்புக் கண்ணாடிகள். அதைப் போடாமல் யாரும் உள்ளே போகக் கூடாதாம். அன்றைக்குப் பட்டறையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. ஒரு பொறி பறக்கவில்லை. இருந்தாலும் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைக்குக்கூட அந்தக் கூடையில் ஒரு குட்டிக் கண்ணாடி இருந்தது. நான் ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிறேனே, வேண்டாம் என்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுவதற்கென்று பெரிதாக ஒன்றை எடுத்துச் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

மாட்டிக்கொண்டேன். மாட்டியதும் வந்தது பாருங்கள் ஒரு கோபம். காது இரண்டும் சுட்டது. மகள் ஜெனி என் கையைக் கிள்ளி, "மூஞ்ச நல்லா வச்சுக்கோம்மா, என் கிளாஸ் பிள்ளைங்க பாக்குறாங்க" என்றாள். அவள் சொன்னது இந்த நாட்டு மொழியில். தமிழில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நான் எழுதிக்கொள்கிறேன், அவ்வளவுதான். கேக்கைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சேவியருக்குக் காரணம் தெரியும். 

உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாட்டின் பெயர் மட்டும் வேண்டாம். அப்பா விஷயத்தில் இவர்களுடைய தயவு எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. குளிர் நாடு, கடலோர ஊர், வருடத்தில் இரண்டு மாதம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். அது போதும்.

2

எங்கள் அப்பாவை நானும் தம்பி அந்தோணியும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் மைக்கேல். ராயபுரத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்கு வந்தவர். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் கேஸ் கட்டிங் வேலை. உடைத்த கப்பலின் தகடு, பழைய பாய்லர் தகடு எல்லாம் லாரியில் வந்து இறங்கும். அதைக் கேட்ட அளவுக்கு வெட்டிக் கொடுப்பார். வெட்டும்போது போட்டுக்கொள்ளக் கண்ணாடி வேண்டும் என்று முதலாளியிடம் பல தடவை கேட்டிருக்கிறார்.

"இன்னா மைக்கேலு, கண்ணாடி மாட்டிக்கினு சினிமால நடிக்கப் போறியா?" என்பாராம் முதலாளி. கடையே சிரிக்குமாம்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, வெட்டிய தகட்டில் ஒட்டியிருந்த கசடைச் சுத்தியலால் தட்டுகையில் ஒரு சில்லு தெறித்து நைனாவின் இடது கண்ணில் இறங்கியது. பெரியாஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ முதலாளி பார்க்க வந்தார். கையில் ஆப்பிள் பை. சட்டைப் பையிலிருந்து ஒரு கூலிங் கிளாஸை எடுத்தார். பர்மா பஜாரில் வாங்கியது, உறைகூடப் பிரிக்கவில்லை. "இத்தப் போட்டுக்கோ மைக்கேலு. ஒன்னியும் தெரியாது. ஆளு ஜோரா கீறே" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அதைப் பார்த்தேன். எவ்வளவு பளபளப்பான கண்ணாடி என்று ஆசையாகக்கூட இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும்? இப்போது தெரிகிறது. கேட்டபோது தராத கண்ணாடி. கண் போன பிறகு தந்த கண்ணாடி. இரண்டையும் ஒரே மனிதர் செய்தார், செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

அன்றிலிருந்து நைனா கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இருந்ததில்லை. செயற்கைக் கண் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். புண்ணாகிச் சீழ் பிடித்தது, எடுத்துவிட்டார். குளித்துவிட்டு வரும்போதும் கண்ணாடியோடுதான் வருவார். தூங்கும்போதும் அது முகத்தில் இருக்கும். அம்மா உயிரோடு இருந்தவரை, மருந்து விட வேண்டுமென்றால் எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பாவாடைத் துணியில் தைத்த திரையை இழுத்துவிடுவார். நானோ அந்தோணியோ அந்த இடத்தைப் பார்த்ததே கிடையாது. பார்க்க வேண்டும் என்று கேட்டதும் கிடையாது.

என் மகள் ஜெனிக்கு அவரைப் போனில் மட்டும்தான் தெரியும். எப்போது வீடியோவில் கூப்பிட்டாலும் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் ஸ்டைல் தாத்தா. கண் போன கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவும் கேட்கவில்லை. அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச நாலு வாக்கியத்துக்கு மேல் வராது. அவருக்கு இந்த ஊர் மொழியில் வணக்கம் சொல்லக்கூட வராது. "சாப்ட்டியா கண்ணு?" "சாப்ட்டேன் தாத்தா." அதோடு போன் என் கைக்கு வந்துவிடும்.

3

ஜெனிக்குப் புதுநன்மை வாங்கும் வயது வந்தது. எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் என்பது பாதிக் கல்யாணம் மாதிரி. ராயபுரத்தில் என்றால் வெள்ளை கவுன், மெழுகுவத்தி, தெருவுக்கே பிரியாணி. அதற்கு நைனா வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த வீட்டில் ஒரு தடவையாவது அவர் கால் படவேண்டும். அவருக்கும் வயதாகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இப்போது வரவில்லை என்றால் எப்போதுமே இல்லை. கேட்டவுடனே சரி என்றார்.

"என் பேத்தி புதுநன்மைக்கு நான் இல்லாமியா? வரேம்மா. இன்னா குளிரு வந்துடப்போவுது, வந்து பாத்துக்கலாம்."

முதலில் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அந்தோணி கூட்டிப் போனான். அங்கே போட்டோ எடுக்கும் கவுண்டரில் ஒரு சின்னப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாளாம். "சார், கண்ணாடிய கழட்டிடுங்க." நைனா கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். மறுபடியும் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நைனா எழுந்தார். வெளியே வந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்தோணி டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறான்.

அன்று போனில் நான் அரை மணிநேரம் பேசினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். கடைசியில் நைனா சொன்னது இதுதான்: "கலீஜா கீதும்மா அது. மன்சன் பாக்கற மாதிரி இல்ல. உங்கம்மாவத் தவுர எவனும் பாத்ததில்ல."

இருந்தும் மறு வாரம் போனார். எனக்காகப் போனார். கழற்றினார். அந்தோணி சொன்னான், கழற்றிய கண்ணாடியை மடக்கிச் சட்டைப் பையில் வைக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொன்னான். நல்ல பிள்ளை.

இந்த விதி எதற்கு என்று நான் விசாரிக்காமல் இல்லை. கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் கண் தெரியாதாம். கண்ணைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ஆளை அடையாளம் கண்டுபிடிக்குமாம். என் படத்துக்கும் கழற்றத்தான் செய்தேன். பவர் அதிகம் எனக்கு. கழற்றினால் எதிரே இருப்பவர் வெறும் மங்கல். என்னுடைய பாஸ்போர்ட்டில் இருப்பது நான் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒருநாளும் பார்த்திராத ஒரு பெண். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். என்னிடம் கழற்றச் சொன்னது வெறும் கண்ணாடியை. நைனாவிடம் கழற்றச் சொன்னது அது இல்லை. கழற்றச் சொல்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

4

பாஸ்போர்ட் வந்தது. அடுத்தது விசா. அதற்கு வெளியில் எடுத்த போட்டோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அளவு, பின்னணி நிறம், எல்லாவற்றுக்கும் விதி. நைனா யாரிடம் போவார்? அவருடைய தோஸ்து பாபு அண்ணனிடம்தான் போவார்.

பாபு அண்ணன் ஸ்டுடியோவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எந்த பேனராக இருந்தாலும் அவர் கைதான். வடசென்னையில் ஒருவர் செத்துப்போனால் முதலில் போன் போவது அவருக்கு. பாதிப் பேருக்கு நல்ல போட்டோவே இருக்காது. ரேஷன் கார்டில் இருந்தோ, யாரோ கல்யாணத்தில் ஓரமாக நின்ற படத்தில் இருந்தோ ஒரு தலையை வெட்டி எடுப்பார். வெள்ளைச் சட்டை போட்டுவிடுவார். தலை வாரிவிடுவார். மூடியிருந்த கண்ணைத் திறப்பார். குடித்துச் சிவந்திருந்தால் வெளுப்பாக்குவார். கடலுக்குப் போய் உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்குக்கூட அவர் செய்து கொடுத்த முகம்தான் இன்றும் வீட்டுச் சுவரில் இருக்கிறது. யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. எங்கள் தெருவில் போட்டோ என்றால் ஒருவருக்குச் செய்யும் மரியாதை. கலீஜாக இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறவனைத்தான் திட்டுவார்கள்.

நைனா உட்கார்ந்தார், கழற்றினார், பாபு அண்ணன் எடுத்தார். எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டதும் நைனா சொன்னாராம்: "பொண்ணு கீற ஊருக்கு இந்த மூஞ்சி போவுது, பாபு."

அவ்வளவுதான் சொன்னார். செய் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. பாபு அண்ணன் வலது கண்ணை எடுத்துத் திருப்பி இடது பக்கம் வைத்தார். புருவத்தைச் சரி செய்தார். இரண்டு கண்ணோடு நைனா கம்ப்யூட்டரில் இருந்து பார்த்தார். ஸ்டுடியோவில் இருந்த எல்லோருக்கும் சந்தோஷம். நைனா வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பாபு அண்ணன் காசு வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தப் படத்தைத்தான் அந்தோணி ஏற்றினான். எனக்கு அனுப்பவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் சொன்னான்.

அப்புறம் கைரேகை வைக்க விசா மையத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏசி ஹால், வரிசை வரிசையாக நாற்காலி, குட்டிக் குட்டி அறைகள். அங்கேயும் படம் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்கேயும் கழற்றச் சொன்னார்கள். நைனா அங்கேயும் கழற்றினார். வாழ்நாள் முழுக்க யாருக்கும் காட்டாத முகத்தை மூன்றாம் தடவையாகக் காட்டினார்.

5

பாஸ்போர்ட்டில் ஒரு கண். விண்ணப்பத்தில் இரண்டு கண். மையத்தில் எடுத்த படத்தில் மறுபடியும் ஒரு கண். கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது. விசா இல்லை என்று கடிதம் வந்தது. திருத்தப்பட்ட படத்தைக் கொடுத்து ஏமாற்ற முயன்றார் என்று எழுதியிருந்தது. ஏமாற்ற முயன்றாராம். இரும்பு மார்க்கெட்டில் யாரும் அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அந்தோணி அழுதான். நான் பாபு அண்ணனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செத்தவனுக்கே கண்ணு தொறந்து குட்த்துக்கினு கீறேன் ஸ்டெல்லா. உயிரோட கீற மன்சனுக்குத் தொறந்து குடுக்கக் கூடாதா? இது தப்புன்னு எனுக்குத் தெர்லமா. மெய்யாலுமே தெர்ல."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. முடியவில்லையே என்று அதற்கும் ஒரு கோபம்.

ஜெனியின் புதுநன்மை நைனா இல்லாமல் நடந்தது. மாதா கோவிலில் இருந்து சேவியர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நைனா அங்கே புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, காலடிப்பேட்டை வீட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். நடுவில் இரண்டு தடவை சிக்னல் போய்விட்டது. ஜெனி நற்கருணை வாங்கிய நிமிடம் அதில் ஒன்று.

மறுவாரம் இங்கே உள்ள விசா அலுவலகத்துக்குப் போனேன். ஜெனியையும் கூட்டிப் போனேன். எனக்கு இந்த நாட்டு மொழி கடைக்கும் வேலைக்கும் போதும். கோபம் வந்தால் போதாது. வினைச்சொல் எல்லாம் எங்கேயோ ஓடிவிடும், வெறும் பெயர்ச்சொல்லாகக் கத்திக்கொண்டிருப்பேன். கவுண்டரில் இருந்தவர் வெள்ளைத் தாடிக்காரர். என்னை உட்காரச் சொன்னார். குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அந்த நிதானம்தான் என்னைக் கொளுத்தியது.

"கண் இல்லாதவன்கிட்ட கண்ணைக் காட்டுன்னு கேக்குறீங்களே, வெக்கமா இல்லையா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். தாடிக்காரர் ஜெனியைப் பார்த்தார். ஜெனி மொழிபெயர்த்தாள். எனக்கு அந்த அளவு புரியும். அவள் சொன்னது: "என் தாத்தாவுக்கு உடல்நலக் காரணம் இருப்பதாக அம்மா சொல்கிறார். மறுபடியும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார்."

என் கோபத்தை அப்படியே துடைத்து, மடித்து, இஸ்திரி போட்டு அவரிடம் கொடுத்துவிட்டாள். தாடிக்காரர் சிரித்தார். தாராளமாக விண்ணப்பிக்கலாம், கண் டாக்டரின் சான்றும் நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் வேண்டும் என்றார். ஒரு கண் இல்லாதது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை என்றும் சொன்னார். படம் உண்மையாக இருக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி கூடாது, அவ்வளவுதான். விதி எல்லோருக்கும் ஒன்று.

எல்லோருக்கும் ஒன்றா? பட்டறை வாசலில் கூடை நிறையக் கண்ணாடி வைத்துக்கொண்டு கைக்குழந்தைக்கும் மாட்டுகிற நாடு இது. இவர்களுக்கு இரும்பு வெட்டும்போது யாருடைய கண்ணும் போகாது. கண் போகிற வேலையெல்லாம் எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. இவர்களுடைய கப்பலே கிழடாகிப்போனால் எங்கள் கடற்கரைப் பக்கம்தான் உடைய வரும், அதன் தகடுதான் சாத்தாங்காட்டில் வந்து இறங்கும். அந்தக் கதையை எந்தக் கவுண்டரில் போய்ச் சொல்வது? சொன்னாலும் ஜெனி அதை இஸ்திரி போட்டுவிடுவாள்.

டிராமில் வரும்போது ஜெனி கேட்டாள். "அம்மா, அந்த போட்டோ பொய்தானே?"

அறைய வேண்டும் போல இருந்தது. கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

6

அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, சுத்தியல், முதலாளி, ஆஸ்பத்திரி, பாபு அண்ணன் ஸ்டுடியோ. தமிழில் பாதி, அவள் மொழியில் பாதி. முதலாளி கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்த இடத்தில் அவள், "ஏன் யாரும் போலீசுக்குப் போகல?" என்றாள். இந்த ஊர்க் கேள்வி. அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவே இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? போயிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது. ஒற்றைக் கண்ணோடு அதே கடையில் நைனா இன்னும் பல வருடம் இரும்பு வெட்டினார். அதற்கப்புறம் அவருக்கு மட்டும் கண்ணாடி கொடுத்தார்களாம். மற்றவர்களுக்கு இல்லை.

 ஜெனி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவள் மனதில் என்ன போனது என்று எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் வளரும் பிள்ளையின் முகத்தைப் படிக்க நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நைனாவிடம் மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னபோது அவர் வேண்டாம் என்றார். கோபமாகக்கூட இல்லை. "கழட்டுன்னாங்க, கழட்னேன். மறுக்கா கழட்டுன்னாங்க, கழட்னேன். அப்பால பிராடுன்னு எழுதி அனுப்பிட்டாங்க. போதும்மா. பேஜாரு."

டிக்கெட் போட்டு நானே கிளம்பினேன்.

7

காலடிப்பேட்டையில் எதுவும் மாறவில்லை. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அதேபோல் வாலும் தலையும் ஒட்டி நின்றன. காலையில் பெருக்கிய வாசல் மத்தியானத்துக்குள் கரித்தூசியில் கறுத்தது. நைனா ஆள் இளைத்திருந்தார். நான் கொண்டு போன சாக்லேட்டை அக்கம்பக்கத்துக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். விசா பேச்சை எடுத்தால் வஞ்சிரம் விலையைப் பற்றிப் பேசினார்.

மூன்று நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்.

"போட்டோவ நீ எடு. வேற எவன் முன்னாடியும் கழட்ட மாட்டேன்."

பாபு அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனோம். சுவர் முழுக்க அவர் செய்த முகங்கள். பாபு அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார். விளக்கையும் வெள்ளைத் துணியையும் சரி செய்து, கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டினார். பிறகு வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

நைனா ஸ்டூலில் உட்கார்ந்து கழற்றினார்.

அன்றுதான் பார்த்தேன். அவர் சொன்ன அளவுக்குக் கலீஜாக ஒன்றும் இல்லை. இமை ஒட்டிக்கொண்டு, உள்ளே கொஞ்சம் குழிந்து, ஓரத்தில் ஒரு சுருக்கம். அவ்வளவுதான். இத்தனை வருடம் இவர் மறைத்தது இதைத்தானா? மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தி அழுத்திக் காய்ப்புப் பிடித்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் வெயில் படாத வெளுத்த தோல், வேறு யாருடையதோ போல.

"இன்னாமா பாக்குற?"

"ஒண்ணுமில்ல நைனா. நேரா பாரு."

நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சிரித்தார். கூச்சத்தில் வந்த சிரிப்பு. மகள் முன்னால் இப்படி உட்கார வேண்டியிருக்கிறதே என்ற சங்கடமும், உட்கார்ந்தாகிவிட்டதே என்ற நிம்மதியும் சேர்ந்து அவர் வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தன. விதியில் அதுவும் இருக்கிறது. சிரிக்கக் கூடாது. பல் தெரியக் கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும், முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாது.

"சிரிக்காத நைனா."

"செரி செரி." மூடினார். நான் பொத்தான் பக்கம் போவதற்குள் மறுபடியும் சிரித்தார். "நீ டீச்சர் மாரி நின்னுக்கினு கீறியா, அதான் வருது."

நானும் முதலில் சிரித்தேன். எடுத்தேன், சிரிப்பு. இன்னொன்று எடுத்தேன், சிரிப்பு. தலையை நிமிர்த்து என்றேன், நிமிர்த்தினார். தோளைத் தளர்த்து என்றேன், தளர்த்தினார். வாயை மூடு என்றேன், மூடிய உதட்டின் ஓரத்தில் சிரிப்பு உட்கார்ந்திருந்தது. எந்தப் படமும் செல்லாது. விளக்குச் சூட்டில் வியர்த்துக் கொட்டியது. எனக்கு லீவு முடிய நாலு நாள். டாக்டர் சான்று வாங்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும், இந்தத் தடவையும் தட்டிவிட்டால் அப்புறம் இல்லவே இல்லை. பயம்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சிரிக்காதன்னு சொன்னா புரியாதா உனக்கு? உன்னாலதான இவ்ளோ பேஜாரும்! ஒழுங்கா ஒரு போட்டோவுக்கு உக்காரத் தெரியாதா?"

ஷட்டருக்கு வெளியே பாபு அண்ணன் இருமும் சத்தம் கேட்டது.

நைனாவின் முகத்தில் இருந்து சிரிப்பு போனது. உதடு நேராகியது. ஒற்றைக் கண் கேமராவைப் பார்த்தது, என்னைப் பார்க்கவில்லை. நான் பொத்தானை அமுக்கினேன்.

"ஆச்சாமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு காது தவறி, இரண்டாம் தடவைதான் சரியாக உட்கார்ந்தது. வெளியே வந்ததும் எனக்கு எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார். ஒன்றும் நடக்காததுபோல் பாபு அண்ணனிடம் மீன் பேச்சுப் பேசினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

8

அந்தப் படம் எல்லா விதிக்கும் பொருந்தியது. போன தடவை வைத்த கைரேகையே போதும் என்று சொல்லிவிட்டார்கள், இந்தத் தடவை யாரும் எதுவும் கேட்கவில்லை. நேற்று அந்தோணி பாஸ்போர்ட்டின் விசாப் பக்கத்தைப் போனில் அனுப்பினான். கூடவே பட்டாசு வெடிக்கிற மாதிரி ஏழெட்டுப் பொம்மை. சேவியர் கேக் வாங்கி வந்தார். ஜெனி தன் அறையைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

விசாவில் ஒட்டியிருப்பது நான் திட்டிய பிறகு எடுத்த முகம். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு கண் இல்லாத கிழவரின் படம். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கும் நைனாவுக்கும்தான் தெரியும். கண்ணாடி தராத முதலாளிமேலும், அந்த வெள்ளைத் தாடிக்காரர்மேலும் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் கோபப்படுவேன். எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஆனால் நைனாவின் சிரிப்பை நிறுத்தியது அவர்களில் ஒருவரும் இல்லை.

அடுத்த மாதம் வருகிறார். விமான நிலையத்தில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம். ஜெனியைப் பார்த்துவிட்டால் நைனாவுக்குச் சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் சிரிக்காமல் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே அவரிடம் யாராவது போன் போட்டுச் சொல்லியாக வேண்டும். அந்தோணி அதை என் தலையில் கட்டிவிட்டான். காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.